பேரம் பேசாமல் கார் விற்றவர்கள்: சாட்டர்ன் கம்பெனியின் வரலாறு

கடையில் "கறார் விலை" என்று எழுதிப் பலகை மாட்டுவது சுலபம். "அடுத்த கடையில் இரண்டு ரூபாய் குறைச்சல்" என்று வாடிக்கையாளர் சொன்ன பிறகும் அந்தப் பலகையின் கீழ் நிற்பதுதான் கஷ்டம். இது வணிகர்களாகிய நம் எல்லோருக்கும் அனுபவத்தில் தெரியும்.

அமெரிக்காவில் ஒரு கார் கம்பெனி இப்படிப் பலகை மாட்டி, சுமார் 20 ஆண்டுகள் அதன்படியே நடந்தது. அதன் பெயர் சாட்டர்ன். வாங்கியவர்கள் அந்தக் கம்பெனியைத் தங்கள் சொந்தக் கம்பெனி போல நினைத்தார்கள். கார் ஓட்டியவர்கள் பல்லாயிரம் பேர் கோடை விடுமுறையில் தொழிற்சாலையைப் பார்க்கக் குடும்பத்தோடு போனார்கள். அப்படிப்பட்ட கம்பெனி 2010ல் மூடப்பட்டது. இவ்வளவு நல்ல பெயர் எடுத்த நிறுவனம் ஏன் நிலைக்கவில்லை? ஏஜென்சி எடுத்து வியாபாரம் செய்கிற நம்மவர்களுக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருப்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கம்பெனி பிறந்த காரணம்

அமெரிக்காவின் மிகப் பெரிய கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ். செவர்லே, பியூக், காடிலாக் முதலிய பல பெயர்களில் கார் தயாரித்து விற்றது. பெரிய கார், பெரிய எஞ்சின், அதிக லாபம் என்பதே அதன் வழி. 1973லும் 1979லும் பெட்ரோல் விலை ஏறியபோது மக்கள் சிறிய கார்களைத் தேடினார்கள். ஜப்பானின் டொயோட்டா, ஹோண்டா, நிஸ்ஸான் கார்கள் சிறியவை. பெட்ரோல் குறைவாகக் குடிப்பவை. அடிக்கடி பட்டறைக்குப் போகாதவை. அமெரிக்க வாடிக்கையாளர் அந்தப் பக்கம் திரும்பினார்.

ஜப்பானியர் கப்பலில் காரை ஏற்றி அனுப்புவதோடு நிற்கவில்லை. 1982ல் ஹோண்டா ஒஹையோ மாநிலத்திலும், 1983ல் நிஸ்ஸான் டென்னசி மாநிலத்திலும் வாகனத் தொழிற்சாலையே திறந்துவிட்டன. ஒரு சிறிய காரைத் தயாரிப்பதில் ஜப்பானியருக்கும் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் அடக்க விலையில் சுமார் 2,000 டாலர் வித்தியாசம் என்று அப்போது கணக்குப் போட்டார்கள். சரக்கின் அடக்கமே இவ்வளவு கூடுதல் என்றால் எதிர்க்கடைக்காரரோடு எப்படிப் போட்டியிட முடியும்?

அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் தலைவராக இருந்தவர் ரோஜர் ஸ்மித். பழைய கம்பெனிக்குள் ஒட்டுப்போடுவதைவிடப் புதிதாக ஒரு கம்பெனியையே தொடங்குவது மேல் என்று முடிவு செய்தார். 1985 ஜனவரியில் சாட்டர்ன் கார்ப்பரேஷன் என்ற தனி நிறுவனம் பதிவாயிற்று. 500 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தார்கள்.

பெயரும் ஊரும்

சாட்டர்ன் என்றால் நம் பாஷையில் சனி. நம்மவர் யாரும் புதுக் கடைக்கு அந்தப் பெயரை வைக்கத் துணிய மாட்டோம். ஆனால் அவர்கள் கிரகத்தைப் பார்த்து வைக்கவில்லை. மனிதனை நிலவுக்குக் கொண்டு சென்ற ராக்கெட்டுக்கு சாட்டர்ன் என்று பெயர். விண்வெளியில் ரஷ்யாவை முந்தியது போல் கார்த் தொழிலில் ஜப்பானை முந்த வேண்டும் என்ற எண்ணத்தில் வைத்த பெயர் அது.

தொழிற்சாலை எங்கே அமைப்பது என்பதில் பல மாநிலங்களுக்கிடையே பெரும் போட்டி. மாநில ஆளுநர்களே நேரில் வந்து சலுகைகளை அடுக்கினார்கள். கடைசியில் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரத்துக்குத் தெற்கே ஸ்பிரிங் ஹில் என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று அந்த ஊரின் ஜனத்தொகையே ஆயிரம் சொச்சம்தான். கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டிலிருந்து வேண்டுமென்றே தள்ளிப் போனார்கள். பழைய வழக்கங்கள் புதிய கம்பெனியில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதே நோக்கம்.

தொழிலாளியும் நிர்வாகியும் ஒரே மேஜையில்

காரைத் திட்டமிட வரைபடக்காரர்களை மட்டும் உட்கார வைக்கவில்லை. நிர்வாகத்திலிருந்தும் மோட்டார் தொழிலாளர் சங்கத்திலிருந்தும் 99 பேரைச் சேர்த்து 1984ல் ஒரு குழு அமைத்தார்கள். அவர்கள் பல நாடுகளுக்கும் பல கம்பெனிகளுக்கும் சென்று, எது எங்கே நன்றாக நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று பார்த்து வந்தார்கள்.

அதன் பயனாகத் தொழிற்சங்கத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தம் வெறும் 28 பக்கம். மற்ற கார் ஆலைகளில் ஒப்பந்தம் தலையணை கனம் இருக்கும். யார் எந்த வேலையைத் தொடலாம், தொடக் கூடாது என்று வரி வரியாக அதில் எழுதியிருக்கும். சாட்டர்னில் பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவே தன் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். மேலாளரும் தொழிலாளியும் ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி நிச்சயமில்லை. தரமும் பயிற்சியும் உற்பத்தியும் குறித்தபடி இருந்தால்தான் கைக்கு வரும். கூடுதலாக நடந்தால் கூடுதல் பங்கும் உண்டு.

1990 ஜூலை 30 அன்று முதல் கார் வெளியே வந்தது. ரோஜர் ஸ்மித் அதைத் தொழிற்சங்கத் தலைவரோடு சேர்ந்து ஓட்டி வந்தார். மறுநாள் அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். இந்தத் தேதிகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பிறந்த மறுநாளே தகப்பன் வீட்டைவிட்டுப் போனது போல் ஆயிற்று. பின்னால் நடந்தவற்றுக்கு இதுவும் ஒரு காரணம்.

தொழிலாளர்களின் பற்றுக்கு ஒரு சம்பவம் சொல்லலாம். 1991ல் மேலிடம் உற்பத்தியைக் கூட்டச் சொன்னது. அவசரத்தில் குறையுள்ள கார் வெளியே போகிறது என்று கருதிய தொழிலாளர்கள், ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆலைக்கு வந்த சமயத்தில் கையில் பட்டை கட்டி எதிர்ப்பைக் காட்டினார்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடுவதை நாம் பார்த்திருக்கிறோம். சரக்கின் தரம் கெடக் கூடாது என்று போராடியவர்கள் அபூர்வம்.

கடையில் செய்த மாற்றம்

இனி நமக்கு மிகவும் வேண்டிய பகுதிக்கு வருவோம்.

அமெரிக்காவில் புதுக் காரின் கண்ணாடியில் விலைச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்று 1958லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த விலைக்கு வாங்குபவர் ஏமாளி என்பது அங்கே பொதுக் கருத்து. காரை வாங்கப் போகிறவர் அரை நாள் உட்கார்ந்து வாதாட வேண்டும். விற்பனையாளர், "முதலாளியைக் கேட்டு வருகிறேன்" என்று உள்ளே போய், சிறிது நேரம் கழித்து வருவார். பழைய காரைக் கொடுத்து மாற்றினால் அதன் விலையில் ஒரு விளையாட்டு; தவணைக் கடன் வாங்கினால் வட்டியில் ஒரு விளையாட்டு. விற்பனையாளருக்குக் கமிஷன் லாபத்தைப் பொறுத்தது. ஆகவே எதிரே இருப்பவரிடம் எவ்வளவு கறக்கலாம் என்பதே அவர் சிந்தனை. பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை. பேசத் தெரியாதவருக்கு ஒரு விலை. குறிப்பாகப் பெண்களும் முதல் தடவை கார் வாங்கும் இளைஞர்களும் இந்த இடத்துக்குப் போகவே அஞ்சினார்கள்.

சாட்டர்ன் கடையில் சீட்டில் போட்ட விலையே விலை. முதல் ஆண்டின் ஆரம்ப மாடல் 7,995 டாலர். படித்தவருக்கும் பாமரருக்கும் அதே விலை. பல கடைகளில் விற்பனையாளருக்குக் கமிஷன் இல்லை, சம்பளம்தான். வாங்கிய கார் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், 1,500 மைல் ஓடுவதற்குள் திருப்பிக் கொடுக்கலாம். சாவியைக் கொடுக்கும்போது கடையில் உள்ளவர்கள் எல்லோரும் கூடி நின்று கை தட்டி, வாங்கியவரைக் காரோடு சேர்த்துப் புகைப்படம் எடுத்துக் கொடுப்பார்கள்.

என் தங்கை மகன் அங்கே வேலைக்குப் போன புதிதில், 1997ல், ஒரு சாட்டர்ன் வாங்கினான். "மாமா, நான் கூட வேலை பார்க்கிற இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன், பேரம் பேசுவதற்கு. பேச ஒன்றுமே இல்லை, டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டோம்" என்று சொன்னான். ஊருக்கு வந்தபோது அந்தப் புகைப்படத்தையும் காட்டினான். அவனைவிடக் கடைக்காரர்கள் அதில் அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே விலை எப்படிச் சாத்தியமாயிற்று என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடைக்காரர் இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று கம்பெனி கட்டாயப்படுத்த அப்போது அங்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் சாட்டர்ன் வேறு வழி செய்தது. ஒரு நகரம், அதைச் சுற்றியுள்ள வட்டாரம் முழுவதையும் ஒரே விற்பனையாளரிடம் ஒப்படைத்தது. அந்த வட்டாரத்தில் இரண்டு கடையோ மூன்று கடையோ எதைத் திறந்தாலும் அவரேதான் திறப்பார். மற்ற கார்களுக்கு அடுத்தடுத்த தெருவில் இரண்டு டீலர்கள் இருப்பார்கள்; ஒருவர் விலையை மற்றவர் உடைப்பார். சாட்டர்னுக்கு அந்தத் தொல்லை இல்லை. வாங்குபவர் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே முதலாளி, ஒரே விலை.

ஆகவே கறார் விலை என்பது கடைக்காரரின் மன உறுதியால் மட்டும் நிற்பதில்லை. சரக்கு கொடுப்பவர் ஒரே தெருவில் நான்கு பேருக்குச் சரக்கைப் போட்டுவிட்டு, "விலையை உடைக்காதீர்கள்" என்று நமக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை.

குறை வந்தபோது நடந்துகொண்ட விதம்

புதுத் தொழிற்சாலையில் குறை வராமல் இருக்காது. வந்தது. எப்படிச் சமாளித்தார்கள் என்பதில்தான் அவர்கள் பெயர் வளர்ந்தது.

1991 தொடக்கத்தில் ஆயிரத்துச் சொச்சம் கார்களில் இருக்கையின் சாய்மானத்தில் ஒரு குறை தெரிந்தது. வாங்கியவர்களில் ஒருவர் அலாஸ்காவில் இருந்தார். அங்கே பக்கத்தில் சாட்டர்ன் கடை கிடையாது. கம்பெனி ஒரு மெக்கானிக்கை விமானத்தில் இருக்கையோடு அனுப்பி மாற்றிக் கொடுத்தது. பின்னால் இதையே தொலைக்காட்சி விளம்பரமாக எடுத்து நாடு முழுவதும் காட்டினார்கள். தன் சரக்கின் குறையைச் சொல்லி விளம்பரம் செய்தது அந்தக் காலத்தில் புதுமை.

அதே ஆண்டு மே மாதத்தில் இன்னொன்று. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை வெளியிலிருந்து வாங்கிப் போட்டார்கள். அதில் ஒரு தொகுதியின் கலவை தவறு, உள்பாகங்களை அரித்துவிடும். ஆயிரத்து எண்ணூறு கார்களுக்கு மேல் அந்தத் திரவம் போயிருந்தது. உள்ளே கழுவிவிட்டு அனுப்பலாம் என்று வேறொருவர் நினைத்திருப்பார். சாட்டர்ன் அந்தக் கார்களையே எடுத்துக்கொண்டு, விற்றுப்போனவற்றுக்குப் பதிலாகப் புதுக் கார்கள் கொடுத்தது. சரக்கைக் கெடுத்தவர் வேறு சப்ளையர்தான். ஆனால் வாடிக்கையாளருக்கு நம் கடைப் பெயர்தான் தெரியும் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

1993ல் பெரிய சோதனை. மின்சார ஒயரில் ஏற்படக் கூடிய கோளாறினால் தீப்பிடிக்கும் ஆபத்து என்று, அதுவரை விற்ற மூன்றரை லட்சம் கார்களுக்கு மேல் திரும்ப அழைக்க நேர்ந்தது. பல கடைக்காரர்கள் அந்த நாளை ஒரு விழாவாகவே நடத்தினார்கள். கார் கொண்டு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, வேலை முடிந்ததும் காரைக் கழுவிக் கொடுத்து அனுப்பினார்கள். கோபத்தோடு வர வேண்டியவர்கள் சந்தோஷமாகத் திரும்பினார்கள்.

இதன் விளைவு என்ன? 1992ல் வாடிக்கையாளர் திருப்தியைக் கணக்கெடுத்தபோது சாட்டர்ன் மூன்றாவது இடம் பெற்றது. அதற்கு மேலே இருந்தவை லெக்ஸஸ், இன்ஃபினிட்டி என்ற இரண்டு ஜப்பானிய ஆடம்பரக் கார்கள். அவற்றைவிட மிகக் குறைந்த விலைக்கு விற்ற சிறிய கார் அவற்றோடு ஒரே வரிசையில் நின்றது.

44 ஆயிரம் விருந்தாளிகள்

1994 ஜூன் மாதம் கம்பெனி தன் வாடிக்கையாளர்களைத் தொழிற்சாலைக்கு விருந்துக்கு அழைத்தது. "வீடு திரும்புதல்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சுமார் 44 ஆயிரம் பேர் ஸ்பிரிங் ஹில் ஊருக்கு வந்தார்கள். பலர் ஆயிரம் மைலுக்கு மேல் தங்கள் சாட்டர்ன் காரையே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். தங்கள் காரைப் பூட்டிய தொழிலாளர்களைக் கண்டு கை குலுக்கினார்கள். ஆலையைச் சுற்றிக் காட்டினார்கள். ஆட்டம், பாட்டு, சாப்பாடு எல்லாம் நடந்தன. வர இயலாதவர்களுக்காகப் பல ஊர்களில் கடைக்காரர்களே விருந்து வைத்தார்கள்.

அந்த ஆண்டில் சாட்டர்ன் விற்றது 2 லட்சத்து 86 ஆயிரம் கார்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் நடைமுறைச் செலவு போக லாபம் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். எல்லோரும் இன்னும் மேலே போகும் என்று நினைத்தார்கள். ஆனால் 1994ன் அந்த எண்ணிக்கையைக் கம்பெனி அதன்பின் ஒருபோதும் எட்டவில்லை.

காரின் நிறையும் குறையும்

காரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சாட்டர்னின் கதவுகளும் முன்பக்கக் காப்புகளும் இரும்புத் தகடல்ல, ஒருவகை பிளாஸ்டிக். உள்ளே இரும்புச் சட்டம். அதன் மேல் இந்தப் பலகைகளைப் பொருத்தினார்கள். கடைத்தெருவில் காரை நிறுத்தும்போது தள்ளுவண்டி இடித்தாலும் நசுங்காது, அமுங்கி மீளும். பனி உருகுவதற்காகச் சாலையில் உப்புப் போடும் வடமாநிலங்களில் கார் துருப்பிடிப்பது பெரிய உபத்திரவம். இந்தப் பலகைகள் துருப்பிடிக்கா. பத்து வருஷம் ஓடிய காரும் பக்கவாட்டில் புதிதுபோல் இருக்கிறது என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். பெட்ரோல் செலவும் குறைவு.

குறை என்று சொன்னால், வெயிலில் பிளாஸ்டிக் விரியும் என்பதற்காகப் பலகைகளுக்கிடையே இடைவெளி அதிகம் விட்டார்கள். பார்வைக்கு வேலை நேர்த்தி இல்லாதது போல் தெரியும். எஞ்சின் இரைச்சல் அதிகம். அதிக தூரம் ஓடிய எஞ்சின்கள் பிஸ்டன் வளையத்தின் வழியே எண்ணெயைக் குடித்தன. அதனால் பழைய சாட்டர்ன் வைத்திருப்பவர்கள் டிக்கியில் எப்போதும் ஒரு எண்ணெய் டப்பா வைத்திருப்பார்கள். எண்ணெய் அளவைப் பார்த்து ஊற்றி வந்தவர்களுக்கு அந்தக் கார் நெடுநாள் உழைத்தது. பார்க்காதவர்களுக்கு எஞ்சின் போயிற்று.

மொத்தத்தில், கார் சுமாரான நல்ல கார். கடைதான் மிக நல்ல கடை. வாங்கியவர்கள் காரின் குறைகளைப் பொறுத்துக்கொண்டதற்குக் கடையே காரணம் என்றால் மிகையாகாது.

சரக்கு வராத கடை

இனி வீழ்ச்சிக்கு வருவோம்.

1992ல் ஜெனரல் மோட்டார்ஸ் 2,350 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. அமெரிக்காவில் அதுவரை எந்தக் கம்பெனியும் காட்டாத நஷ்டம். பணம் இல்லாத வீட்டில் புதுப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று மற்ற பிரிவுகள் கேட்டன. செவர்லேயும் பான்டியாக்கும் விற்ற டீலர்களுக்குச் சாட்டர்ன் கண்ணைக் கரித்தது. புதிய மாடலுக்குச் சாட்டர்ன் கேட்ட பணம் தள்ளிப்போடப்பட்டது.

1990ல் வந்த சிறிய கார்தான் 1999 வரை ஒரே சரக்கு. செடான், இரண்டு கதவுள்ள கூபே, பின்னால் சாமான் வைக்கும் வேகன் என்று உருவம் மூன்று உண்டு, அடிப்படை ஒன்றே. மேலே உடலை ஒரு முறை மாற்றினார்கள், 1.9 லிட்டர் எஞ்சின் 2002 வரை தொடர்ந்தது. அதற்குள் ஹோண்டாவும் டொயோட்டாவும் தங்கள் சிறிய கார்களைப் பலமுறை புதுப்பித்துவிட்டன.

1991ல் தனி ஆளாகச் சாட்டர்ன் வாங்கியவருக்கு 1997ல் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவருக்கு இப்போது பெரிய கார் வேண்டும். அதே கடைக்கு அன்போடு வருகிறார். கடைக்காரர் காபி கொடுத்து உபசரிக்கிறார். ஆனால் கொடுக்கப் பெரிய கார் இல்லை. அந்த ஆண்டுகளில் அமெரிக்கர்கள் ஜீப் போன்ற உயரமான வண்டிகளுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். சாட்டர்னில் அப்படி ஒரு வண்டி வந்தது 2001ல்தான். வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார். மளிகைக் கடையில் அரிசி மட்டும் நன்றாக இருந்து பருப்பும் எண்ணெயும் இல்லையென்றால், அரிசியையும் சேர்த்து எதிர்க்கடையில்தான் வாங்குவார்கள்.

1999ல் எல் என்ற வரிசையில் நடுத்தரக் கார் ஒன்று வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஜெர்மன் கம்பெனியான ஓப்பலின் காரைத் தழுவியது. டெலவேர் மாநிலத்தில் வேறு ஆலையில் செய்தது. எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2001ல் வந்த வ்யூ என்ற உயரமான வண்டி நன்றாக விற்றது. ஆனால் அதில் சில வண்டிகளுக்குப் போட்ட புதுவகை கியர்பெட்டி அடிக்கடி பழுதாகி, கம்பெனி உத்தரவாதக் காலத்தை நீட்டிக் கொடுக்க நேர்ந்தது. 2002ல் பழைய சிறிய காருக்குப் பதிலாக ஐயான் வந்தது. உட்புறம் மலிவாக இருக்கிறது என்று பழைய வாடிக்கையாளர்களே முகம் சுளித்தார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த இவி1 என்ற மின்சாரக் காரையும் 1996 டிசம்பர் முதல் கலிபோர்னியா, அரிசோனா மாநிலங்களில் சாட்டர்ன் கடைகள் வழியாகவே கொடுத்தார்கள். விற்கவில்லை, வாடகைக்கு மட்டும். ஓட்டியவர்கள் விலைக்குக் கேட்டும் கொடுக்காமல், பிறகு எல்லாவற்றையும் திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டார்கள். அந்தக் கோபத்தையும் நேரில் சந்திக்க வேண்டியவர்கள் கடைக்காரர்கள்தான்.

மெல்ல மெல்லச் சாட்டர்ன் தனிக் கம்பெனி என்ற நிலை போய், மற்றப் பிரிவுகளைப் போல் ஒரு பிரிவாயிற்று. 2003 டிசம்பரில் தொழிலாளர்களும் அந்த 28 பக்க ஒப்பந்தத்தை விட்டுவிட்டு எல்லோருக்கும் உள்ள பொது ஒப்பந்தத்துக்கு மாற ஓட்டளித்தார்கள். 2007ல் ஸ்பிரிங் ஹில் ஆலையில் சாட்டர்ன் கார் தயாரிப்பது நின்றுபோனது.

விசித்திரம் என்னவென்றால், நல்ல சரக்கு அப்போதுதான் வந்தது. ஆரா என்ற கார் 2007ல் வட அமெரிக்காவின் அந்த ஆண்டுக் காராகத் தேர்வு பெற்றது. ஸ்கை என்ற விளையாட்டுக் கார், அவுட்லுக் என்ற பெரிய குடும்ப வண்டி, பெல்ஜியத்திலிருந்து வந்த ஆஸ்ட்ரா எல்லாம் ஷோரூமில் நின்றன. டொயோட்டா, ஹோண்டா கார்களைத் தம் கடையிலேயே நிறுத்தி, "இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்" என்று சொல்லும் துணிவும் வந்தது. ஆனால் பழைய வாடிக்கையாளர் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. 2008ல் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு விற்பனை சுமார் 1 லட்சத்து 88 ஆயிரம்தான்.

முடிவு

2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. நான்கு பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிப்பது என்று முடிவு. அதே வாரத்தில் ரோஜர் பென்ஸ்கே என்பவரின் நிறுவனம் சாட்டர்னை வாங்கிக்கொள்ள முன்வந்தது. பழைய கார்ப் பந்தய வீரர். கார் விற்பனையில் பெரும் புள்ளி. சுமார் 350 கடைகளுக்கும் அவற்றில் வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும் மூச்சு வந்தது.

பென்ஸ்கேயின் திட்டம் இதுதான்: பெயரும் கடைகளும் நம்முடையவை, கொஞ்ச காலத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கார் செய்து கொடுக்கும், பிறகு வேறு தயாரிப்பாளரிடம் வாங்கி விற்கலாம். அந்த வேறு தயாரிப்பாளராகப் பிரான்சின் ரெனோ கம்பெனியோடு பேசி வந்தார்கள். செப்டம்பர் 30 அன்று ரெனோவின் இயக்குநர் குழு ஒப்புக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. அன்றே பென்ஸ்கே விலகினார். அதே நாளில் ஜெனரல் மோட்டார்ஸ் சாட்டர்னை மூடுவதாக அறிவித்தது. 2010 அக்டோபருக்குள் கடைகள் மூடப்பட வேண்டும் என்று ஏற்பாடு.

கடைக்காரர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கம்பெனி சொன்ன அளவில், கம்பெனி சொன்ன நிறத்தில் கட்டடம் கட்டியவர்கள். பலரிடம் வேறு சரக்கு கிடையாது. கடன் அவர்கள் பெயரில். நல்ல பெயர் எடுத்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பெயர் அவர்கள் சொத்து அல்ல.

கார் வைத்திருந்தவர்களுக்கு உத்தரவாதமும் உதிரி பாகமும் ஜெனரல் மோட்டார்ஸின் மற்றக் கடைகளில் கிடைத்தன. ஆனால் பழைய கார் சந்தையில் விலை இறங்கியது. 2014ல் இன்னொரு அடி. சாவி போடும் சுவிட்சில் உள்ள குறையினால், ஓடும்போதே சாவி நழுவி எஞ்சின் நின்று, விபத்தில் காற்றுப்பையும் விரியாமல் போகும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் சாட்டர்ன் ஐயானும் ஸ்கையும் இருந்தன. பல மாடல்களையும் சேர்த்து 124 மரணங்களுக்கு நஷ்டஈடு ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்தக் குறை கம்பெனிக்குள் பல வருஷங்களாகவே தெரிந்திருந்தது என்பதுதான் வேதனை. ஒரு இருக்கைக்காக அலாஸ்காவுக்கு ஆள் அனுப்பிய பெயர் அது. குறையை மறைத்தது மேலே இருந்த கம்பெனி. அந்தப் பழியைத் துடைக்கக் கீழே ஒரு சாட்டர்ன் கடைகூட அப்போது இல்லை.

ஸ்பிரிங் ஹில் ஆலை மட்டும் மறுபடி உயிர் பெற்றது. 2022 முதல் அங்கே காடிலாக் பெயரில் மின்சாரக் கார் தயாராகிறது. ஆயிரம் பேர் இருந்த ஊர் இன்று பல்லாயிரம் பேர் வாழும் நகரம்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. ஒரே விலை வாடிக்கையாளருக்குப் பிடிக்கும். அதைக் காப்பாற்ற, சரக்குக் கொடுப்பவர் நமக்கு எல்லை வகுத்துக் கொடுக்க வேண்டும். ஏஜென்சி எடுக்கும்போது கழிவு எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நிற்காமல், இந்த ஊரில் இன்னும் யாருக்குக் கொடுப்பீர்கள் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

2. குறையுள்ள சரக்குக்கு நம் கடைதான் பொறுப்பு. முதலில் மாற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு கம்பெனியோடு கணக்குப் பார்ப்பது நல்லது. அதற்கு ஆகும் செலவு விளம்பரக் கணக்கில் சேரும்.

3. வாடிக்கையாளரின் குடும்பம் வளர்கிறது, தேவை மாறுகிறது. பத்து வருஷமாக ஒரே சரக்கை வைத்துக்கொண்டு, "என்னிடம் ஏன் வரவில்லை" என்று அவரிடம் வருத்தப்படக் கூடாது.

4. ஒரே கம்பெனியை நம்பிக் கட்டடமும் கடனும் பெருகுமானால், அந்தக் கம்பெனியின் ஐந்தொகையையும் நம் பேரேட்டைப் போல் ஆண்டுதோறும் பார்த்து வர வேண்டும். அவர்கள் வீட்டுச் சண்டையில் முதலில் சாப்பாடு நிற்பது நம் வீட்டில்தான்.

5. பலகையில் கம்பெனி பெயர் பெரிதாக இருக்கட்டும். அதன் பக்கத்தில் நம் கடைப் பெயரும் படிக்கும் அளவுக்கு இருக்கட்டும். சாட்டர்ன் மூடியபோது, தம் சொந்தப் பெயரில் ஊரில் அறியப்பட்ட கடைக்காரர்கள் அதே இடத்தில் பழைய கார் விற்பனையும் பட்டறையும் நடத்திப் பிழைக்க வழியிருந்தது. கம்பெனி பெயரை மட்டும் வைத்திருந்தவர்களுக்குப் பலகையைக் கழற்றியதும் மிஞ்சியது வெறும் சுவர்.